பைக் பார்க்கில் முதல் நாள்: மிதித்து ஏறுவதா, காசு கொடுத்து வேனில் ஏறுவதா?

மவுண்டன் பைக் பார்க்கில், அதாவது சைக்கிளில் இறங்குவதற்கென்றே மலையில் பாதை போட்ட இடத்தில், எப்படி இறங்குவது என்று சொல்லித்தர யூடியூபில் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. மேலே எப்படிப் போவது என்பதைத்தான் பலரும் டிக்கெட் எடுக்கும்போது முதல்முறையாக யோசிக்கிறார்கள். அங்கே இரண்டு வகை டிக்கெட் இருக்கும். ஒன்று பெடல் பாஸ், நீங்களே மிதித்து ஏற வேண்டும். இன்னொன்று அப்லிஃப்ட், சைக்கிளை ட்ரெய்லரில் மாட்டிவிட்டு வேனில் உட்கார்ந்தால் உச்சியில் இறக்கிவிடுவார்கள். நாள் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். இந்த இரண்டில் எதை, எப்போது, எப்படி என்பதுதான் இந்தப் பதிவு. உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது பைக்பார்க் வேல்ஸ். தெற்கு வேல்ஸில் மெர்தர் டிட்ஃபில் ஊருக்குப் பக்கத்தில் கெதின் மலைக்காட்டில் 2013-இல் திறந்தார்கள். கார்டிஃபிலிருந்து ஏ470 சாலையில் நேராக வடக்கே போனால் போதும்.

படி 1: உயரத்தைப் பாருங்கள், பயப்படாதீர்கள்

கெதின் மலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 491 மீட்டர். ஆனால் நீங்கள் கடலிலிருந்து ஏறப்போவதில்லை, பார்க்கிங்கிலிருந்து ஏறப்போகிறீர்கள். அந்த வித்தியாசம் ஏறத்தாழ 250 மீட்டர்தான். ஆள், சைக்கிள், ஹெல்மெட், தண்ணீர் எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், இந்த எடையை 250 மீட்டர் தூக்க சுமார் 245 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். நம் உடம்பு தின்றதில் கால்வாசியைத்தான் மிதியாக மாற்றும், மீதி சூடாகப் போய்விடும். அதையும் சேர்த்தால் 230, 240 கலோரி வரும், சரளைக்கல்லில் டயர் உருள்வதற்கு இன்னும் கொஞ்சம். அதாவது ஒரு முறை ஏறினால் இரண்டு சாதா தோசை காலி, அவ்வளவுதான்.

நேரத்தை வைத்துப் பார்த்தாலும் இதே கதைதான். 45 நிமிடத்தில் ஏறினால் மலைக்காக மட்டும் நீங்கள் கொடுப்பது 90 வாட் போல. வாரம் இரண்டு நாள் சைக்கிள் ஓட்டும் சாதாரண ஆளுக்கு இது எட்டக்கூடியதுதான். 25 நிமிடத்தில் ஏறிக் காட்டுகிறேன் என்று கிளம்பினால் அது 160 வாட்டைத் தாண்டும், அப்போதுதான் பாதி வழியில் நாக்கு தள்ளும். மலை ஒன்றேதான், நீங்கள் எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அதைக் கஷ்டமாக்குகிறது.

படி 2: காசுக் கணக்கு

விலை நாளுக்கு நாள், சீசனுக்கு சீசன் மாறும், அதனால் போகும் முன் அவர்கள் தளத்தில் பார்த்துவிடுங்கள். மாறாதது ஒன்று உண்டு. அப்லிஃப்ட் டிக்கெட் பெடல் பாஸைவிட பல மடங்கு. அந்தக் காசு நியாயமா என்பது நீங்கள் எத்தனை முறை இறங்குவீர்கள் என்பதைப் பொறுத்தது. டிக்கெட் 45 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது முறை இறங்கினால் ஒரு இறக்கத்துக்கு 5 பவுண்டு, பரவாயில்லை. நான்கு முறையோடு உடம்பு போதும் என்றுவிட்டால் ஒரு இறக்கத்துக்கு 11 பவுண்டுக்கு மேல். பழகியவர்கள் முதல் வகை. முதல் நாள் வருபவர்கள் அநேகமாக இரண்டாவது வகை.

இங்கேதான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். மிதிக்கவே வேண்டாம் என்றால் களைப்பே வராது என்று நினைக்கிறார்கள். பைக் பார்க்கில் முதலில் தீர்ந்துபோவது கால் இல்லை, கை.

படி 3: முதல் நாளுக்குப் பெடல் பாஸ் எடுங்கள்

இறங்கும்போது நீங்கள் சீட்டில் உட்கார்வதில்லை. பெடல்மேல் நின்றுகொண்டு ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிறீர்கள், இரண்டு ஆள்காட்டி விரலும் பிரேக்கில் இருக்கிறது. புதியவர்கள் பயத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பார்கள், பிரேக்கை விடவே மாட்டார்கள். ஏழெட்டு நிமிடம் இப்படி அதிர்ந்துகொண்டே வந்தால் முழங்கைக்குக் கீழே தசை கல் மாதிரி ஆகிவிடும். ரைடர்கள் இதை ஆர்ம் பம்ப் என்பார்கள். கீழே வந்து தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகப் பார்ப்பீர்கள், விரல் மடங்கியபடியே நிற்கும், பிடி வராது. இந்தக் கையோடு பத்து நிமிடத்தில் வேன் உங்களை மறுபடி உச்சியில் இறக்கிவிட்டால், அடுத்த வளைவில் பிரேக் பிடிக்கப் பலம் இருக்காது.

மிதித்து ஏறுபவருக்கு இந்தப் பிரச்சினை தானாகவே தீர்கிறது. ஏற்றத்தில் கைக்கு வேலையே இல்லை. முக்கால் மணி நேரம் கை ஓய்வெடுக்கிறது, உடம்பு சூடாகிறது, இப்போது இறங்கி வந்த பாதையில் எங்கே தடுமாறினோம் என்று மனசு அசைபோட நேரம் கிடைக்கிறது. மூன்று முறை ஏறி இறங்கினால் ஒரு நாள் சரியாக முடிந்துவிடும், செலவும் கொஞ்சம்தான்.

விதிவிலக்கு உண்டு. முழங்கால் வலி, மூச்சுப் பிரச்சினை உள்ளவர்கள், வீட்டு மாடிப்படி தவிர வேறு எதிலும் ஏறாதவர்கள் முதல் நாளே வேனில் போகலாம், ஒன்றும் குறைந்துபோகாது. கால் நடுங்க உச்சிக்குப் போய் அந்தக் காலோடு இறங்குவதுதான் ஆபத்து. வேனில் போவதைக் கேலி செய்யும் ஒரு கூட்டம் எப்போதும் இருக்கும், காதில் வாங்காதீர்கள். 1804-இல் ரிச்சர்ட் ட்ரெவிதிக் நீராவி என்ஜினைத் தண்டவாளத்தில் ஓட்டி 10 டன் இரும்பை இழுத்துக் காட்டியது இதே மெர்தர் பள்ளத்தாக்கில்தான். பாரத்தை என்ஜினிடம் கொடுத்துவிடுவது இந்த ஊருக்குப் பழைய பழக்கம்.

படி 4: மிதித்து ஏறும் முறை

ஏறுவதற்கென்று தனிப் பாதை இருக்கிறது, பெயர் பீஸ்ட் ஆஃப் பர்டன் (சுமை தூக்கும் மிருகம்). வளைந்து வளைந்து காட்டுக்குள் போகும். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், இறங்கும் பாதை எதிலும் எதிர்த்திசையில் ஏறவும் வேண்டாம், வளைவைத் திரும்பும்போது எதிரே ஒருவர் பறந்து வருவார்.

கிளம்பும் முன் பார்க்கிங்கிலேயே சீட்டை உயர்த்துங்கள். குதிகாலைப் பெடலில் வைத்து மிதியைக் கீழே கொண்டுபோனால் கால் கிட்டத்தட்ட நேராக வேண்டும், அதுதான் ஏற்றத்துக்கான உயரம். ட்ராப்பர் போஸ்ட் இருந்தால் ஒரு பட்டனை அழுத்தினால் ஏறி இறங்கும், இல்லையென்றால் கிளாம்பைத் தளர்த்திக் கையாலேயே செய்ய வேண்டும். சீட் தாழ்வாக இருக்கும்போது மேடு ஏறுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தப்பு, முழங்கால் நெஞ்சில் இடிக்க மிதித்துவிட்டு மலை கஷ்டம் என்பார்கள். பின் சக்கரத்தின் அதிர்ச்சியைத் தாங்கும் ஷாக்கில் ஒரு சின்ன நெம்பு இருக்கும், அதை இறுக்கமான பக்கம் திருப்பினால் மிதிக்கும்போது சைக்கிள் மேலும் கீழும் ஆடாது.

அப்புறம் கியர். இப்போதைய மவுண்டன் பைக்கில் முன்னால் 32 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 50 அல்லது 51 பல் என்று வரும். அந்தக் கியரில் ஒரு முழு மிதிக்கு சைக்கிள் ஒன்றரை மீட்டர்கூடப் போகாது. நிமிடத்துக்கு 70 முறை மிதித்தால் மணிக்கு ஆறு கிலோமீட்டர், வேகமாக நடப்பவர் உங்களோடு பேசிக்கொண்டே வரலாம். இந்த வேகம்தான் சரி. மேடு செங்குத்தாவதற்கு முன்னாலேயே கியரை மாற்றிவிடுங்கள். முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டிருக்கும்போது மாற்றினால் செயின் 'டக்' என்று அறையும், சில சமயம் அறுந்தும் போகும்.

உட்கார்ந்தே மிதியுங்கள். எழுந்து மிதித்தால் எடை முன்னால் போய்விடும், சரளையில் பின் சக்கரம் பிடி இழந்து சும்மா சுற்றும். செங்குத்தான இடத்தில் சீட்டின் முனைக்கு நகர்ந்து, முழங்கையைத் தாழ்த்தி, நெஞ்சைக் கொஞ்சம் ஹேண்டில் பக்கம் கொண்டுபோங்கள், முன் சக்கரம் தூக்காது. கொண்டை ஊசி வளைவில் வெளிப்பக்கமாக அகலமாகப் போங்கள், கண்ணை வளைவு முடியும் இடத்தில் வையுங்கள், மிதிப்பதை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் விழுவீர்கள், மெதுவாகத்தான், ஆனால் எல்லோரும் பார்ப்பார்கள்.

வேகம் சரியா என்று தெரிந்துகொள்ள மீட்டர் எதுவும் வேண்டாம். ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா? சரி. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிற்கிறதா? குறையுங்கள். நிற்க வேண்டுமென்றால் பாதை ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதிலும் வெட்கம் இல்லை, பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

படி 5: உச்சியில் ஐந்து நிமிடம்

நேராக இறங்கப் பாயாதீர்கள். மேலே காற்று இருக்கும், வேர்த்த பனியன் முதுகில் ஒட்டியிருக்கும், இரண்டு நிமிடத்தில் குளிர் பிடிக்கும். மழைக்கோட்டை எடுத்து மாட்டுங்கள். வேல்ஸ் என்பதால் மழை ஆப்பை நம்பாமல் கோட்டைப் பையில் வையுங்கள். ஏதாவது சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், மூச்சு சாதாரணமாகட்டும். சீட்டை முழுக்க இறக்குங்கள், ஷாக் நெம்பைத் திறந்த பக்கம் திருப்புங்கள். இந்த இரண்டையும் மறந்துவிட்டு இறங்கினால் முதல் பள்ளத்திலேயே சீட் உங்களைத் தூக்கி முன்னால் எறியப் பார்க்கும்.

பாதைகளுக்கு நிறம் உண்டு. பச்சை எளிது, அடுத்து நீலம், சிவப்பு, கறுப்பு. முதல் இறக்கம் கெர்மிட் என்ற பச்சைப் பாதையில் இருக்கட்டும், உச்சியிலிருந்து அடிவரை போகும். அது கைக்கு வந்த பிறகு நீலத்தில் ஏதாவது ஒன்று. மலையின் நடுவே பாதைகள் காட்டுச் சாலையைச் சந்திக்கும் இடத்தில் நின்று கையை உதறிக்கொள்ளுங்கள், அங்கே அடுத்த பாதையை மறுபடி தேர்ந்தெடுக்கலாம், மேல் பாதி நீலம் பயமுறுத்தினால் கீழ்ப் பாதிக்குப் பச்சைக்கு வந்துவிடலாம். சிவப்பு நிறத்தில் பெரிய பெரிய ஜம்ப் வரிசையாக வரும் ஏ470 லைன் என்ற பாதைப் பக்கம் வேடிக்கை பார்க்க மட்டும் போங்கள்.

படி 6: அப்லிஃப்ட் எப்போது?

ஒரு நீலப் பாதையை மூன்று முறை நிற்காமல், பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டிருக்காமல் இறங்க முடிந்தால் அப்லிஃப்ட் உங்களுக்குப் பலன் தரும். அந்தக் காசில் நீங்கள் வாங்குவது சொகுசு இல்லை, திரும்பத் திரும்பச் செய்யும் வாய்ப்பு. ஒரு வளைவில் எங்கே பிரேக்கை விடுவது என்பது நான்காவது, ஐந்தாவது முறையில்தான் பிடிபடும், மிதித்து ஏறினால் அந்த ஐந்தாவது முறை அடுத்த மாதம்தான் வரும். அதனால் அப்லிஃப்ட் நாளில் பார்க்கில் உள்ள எல்லாப் பாதையையும் ஒரு சுற்று பார்த்துவிட வேண்டும் என்று அலையாமல், ஒரே பாதையில் முதல் நான்கு ஏற்றத்தையும் செலவழியுங்கள்.

வார இறுதி இடங்கள் வெகு முன்னாலேயே தீர்ந்துவிடும். வார நாள் கிடைத்தால் அதை எடுங்கள், வரிசை சின்னது, காத்திருக்கும் நேரத்தில் இரண்டு இறக்கம் கூடுதலாகக் கிடைக்கும்.

ட்ரெய்லரில் மாட்டும்போது கொஞ்சம் கவனம். சைக்கிள்கள் நெருக்கமாக நிற்கும், பக்கத்து சைக்கிளின் பெடலில் உள்ள இரும்பு முள் முன் சக்கரத்தைத் தாங்கும் உங்கள் ஃபோர்க்கின் பளபளக் குழாயில் உரசிக்கொண்டே மலை ஏறும். அந்தக் குழாயில் ஒரு கீறல் விழுந்தால் ஆயில் சீல் கிழியும், சரிசெய்ய அன்றைய டிக்கெட்டைவிடக் கூடுதல் செலவாகலாம். பழைய ட்யூபில் ஒரு துண்டு வெட்டிப் பையில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் சுற்றிவிடுங்கள்.

வேனில் உட்கார்ந்து மேலே போனால் உடம்பு ஆறிவிடும், அதுவும் ஈர உடையோடு. இறங்கும் முன் கையைச் சுழற்றி, நாலு முறை உட்கார்ந்து எழுந்து, முதல் இறக்கத்தைத் தெரிந்த பாதையில் மெதுவாகப் போங்கள். மிதித்து ஏறுபவருக்கு இலவசமாகக் கிடைக்கும் வார்ம் அப் வேனில் வருபவருக்குக் கிடைக்காது.

மின்சார சைக்கிள் என்ற மூன்றாவது வழியும் இருக்கிறது. ஏற்றம் பாதி நேரத்தில் முடியும், வரிசையில் நிற்க வேண்டாம். ஆனால் 22, 23 கிலோ எடையுள்ள சைக்கிளை இறக்கத்தில் பிரேக் பிடித்து நிறுத்துவதும் கைதான். ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

இது வேல்ஸுக்கான கணக்கு, இடம் மாறினால் கணக்கும் மாறும். நியூசிலாந்தின் ரோட்டருவாவில் வகரேவரேவா காட்டுப் பாதைகளுக்குக் கட்டணமே கிடையாது, அங்கே மிதித்து ஏறினால் செலவு பூஜ்யம், ஷட்டில் பஸ்ஸுக்கு மட்டும்தான் காசு. கனடாவின் விஸ்லர் பைக் பார்க்கில் எல்லோரும் லிஃப்டில்தான் போகிறார்கள், அங்கே போய் இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள்.

எப்போது நிறுத்துவது

ரைடர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு, 'இதுதான் கடைசி ரன்' என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது, சொன்னால் அதில்தான் விழுவோமாம். சகுனம் என்று தள்ளிவிடலாம், ஆனால் மாலையில் கை ஓய்ந்து கவனம் சிதறும் நேரம் அதுதான். வழக்கமாகத் தாண்டும் வேரில் தடுமாறினால், பிரேக்கை ஒரு விரலுக்குப் பதில் இரண்டு விரலால் இழுக்க ஆரம்பித்தால், அந்த இறக்கத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். வேனில் இடம் இருக்கிறதே, டிக்கெட் வீணாகிறதே என்று மறுபடி ஏறாதீர்கள். சைக்கிளைக் கழுவப் போங்கள், மற்றவர்கள் எல்லாம் இன்னும் மேலே இருப்பதால் அந்த நேரத்தில் குழாயடியில் வரிசை இருக்காது.