காதுகேளாத நடிகர்களோடு நாடகம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நாடகம் போடுகிறவர்களுக்குக் கூத்து புதிதல்ல. ஆனாலும் காதுகேளாதவர்களை நடிக்க அழைத்தால், பலர் பள்ளி ஆண்டுவிழா பாணிக்குத் தாவிவிடுகிறார்கள். நாடகத்தை எழுதி முடித்தபிறகு "இவருக்கு எந்த வேஷம்?" என்று தேடினால், வசனமில்லாத காவல்காரன்தான் மிஞ்சுவான். ஏன், துரியோதனன் கட்டக் கூடாதா? வேஷக்காரர் பாடும் அடியைப் பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவது கூத்தில் வழக்கம்தானே. நடிகர் சைகையில் பேசட்டும், குரல் பின்பாட்டிலிருந்து வரட்டும்.

வசனத்தை வார்த்தைக்கு வார்த்தை சைகையாக்கச் சொல்லாதீர்கள். இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. 'எங்கே போகிறாய்' என்பதில் 'எங்கே' கடைசியில் வரும். கேள்வி என்று காட்டுவதில் புருவத்துக்குப் பெரிய பங்கு. அதனால் ஒட்டுத்தாடி வாயை மறைக்கிறதா, கிரீடம் புருவத்தில் இறங்குகிறதா, தோளில் கட்டும் புஜகீர்த்தி கையைத் தூக்கவிடுகிறதா என்று முதல் ஒத்திகையிலேயே வேஷம் கட்டிப் பாருங்கள். சைகையாக்கத்தைக் காதுகேளாதவர்களே செய்யட்டும், அதற்கு நாள் ஒதுக்குங்கள்.

களத்தில் நுழையத் திரைக்குப் பின்னால் காத்து நிற்பவருக்கு மிருதங்கம் கேட்காது. "அதிர்வு காலில் தெரியுமே" என்பார்கள். பலகை மேடையில் ஓரளவு சரி, மண் களத்தில் நம்ப முடியாது. திரை பிடிப்பவர் தோளைத் தட்டினால் போதும், அதையும் ஒத்திகையிலேயே பழக வேண்டும்.

காட்சி மாற விளக்கை அணைத்தால் பேச்சும் அணைந்துவிடும். சைகை மொழிபெயர்ப்பாளரை ஓரத்தில் நிறுத்துவதும் வேண்டாம், பார்ப்பவர் ஆட்டத்தைப் பார்ப்பாரா, அவரைப் பார்ப்பாரா? கூத்தை நடத்திச் செல்லும் கட்டியக்காரனாகவே அவரைக் களத்தில் இறக்கிவிடலாம். விடிய விடிய ஒருவரே செய்ய முடியாது. அரைமணிக்கொரு முறையாவது மாற்ற இன்னொருவர் வேண்டும்.

குழுவில் சக்கர நாற்காலியில் வருபவரும் இருந்தால், நாலு பேர் தூக்கி ஏற்றுவதுதான் இங்கே வழக்கம். ஆபத்து, அதோடு அவமானம். சாய்தளத்துக்கு 1:12 கணக்கு, அதாவது 3 அடி மேடைக்கு 36 அடி நீளம். இடமில்லையா? மேடையை விட்டுத் தரையிலேயே ஆடுங்கள், கூத்து அப்படித்தானே நடக்கிறது. மணல் பொதபொதவென்று இருந்தால் சக்கரம் புதையும், தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்குங்கள்.

ஆட்டம் தொடங்குமுன் மைக்கில் "இவர்கள் பாவம்" என்கிற அறிமுகம் வேண்டவே வேண்டாம். சம்பளம் எல்லாருக்கும் ஒரே மாதிரி. அப்புறம், சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று பகலிலேயே போய்ப் பார்த்துவிடுங்கள்.