‘நம்ம ஊருக்கு எதுவும் வராது’ என்பவர்கள் செய்யும் தவறுகள்

2024 டிசம்பருக்கு முன்பு வரை ஊத்தங்கரைப் பக்கம் யாரிடமாவது புயலைப் பற்றிப் பேசினால், அந்தச் சாக்கிலாவது நாலு தூறல் விழுந்தால் சரி என்பார்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் வறண்ட பூமி, கடல் எங்கோ இருக்கிறது, ஆற்றில் தண்ணீர் வந்தாலே குடும்பத்தோடு வேடிக்கை பார்க்கப் போகிற ஊர் இது. அப்புறம் ஃபெஞ்சல் புயல் வந்தது. ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை, அதாவது வருஷம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல். ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போனதை எல்லோரும் செல்போனில் பார்த்திருப்பீர்கள்.

இதில் தேதியைக் கவனியுங்கள். புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது நவம்பர் 30 இரவு. ஊத்தங்கரையின் 50 செ.மீ. பதிவானது டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், அதுவும் அங்கிருந்து கிட்டத்தட்ட 150 கி.மீ. உள்ளே. ‘கரை கடந்தது’ என்று செய்தியில் சொன்னதும் கதை முடிந்தது என்று சேனலை மாற்றுவதுதான் உள்மாவட்டக்காரர்களின் முதல் தவறு. காற்று அடங்கும், ஆனால் அது சுமந்து வந்த ஈரம் எங்காவது இறங்கித்தானே ஆக வேண்டும்? ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கமே மணிக்கணக்கில் நகராமல் நின்று, பிறகு வலுவிழந்தபடி மெல்ல மேற்கே வந்தது. மெதுவாக நகர்கிற புயல் என்றால் நமக்கும் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது, மெழுகுவத்தியும் பிஸ்கட்டும் வாங்கி வைத்துவிட்டுத் தயாராகிவிட்டோம் என்று நினைப்பது. எங்களைப் போன்ற ஊர்களில் வீடு மூழ்குவது அபூர்வம். கரண்ட் போவதுதான் நிச்சயம். கரண்ட் இல்லை என்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லை என்றால் மழை கொட்டுகிற நாளிலேயே வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. முன்பு கிணறும் ராட்டினமும் கயிறும் இருந்தன, இப்போது எல்லாம் போர்வெல். 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கரை கடந்தாலும் உள்ளே புதுக்கோட்டை வரை மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்துவிட்டுத்தான் போனது. பல கிராமங்களில் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. எனவே எச்சரிக்கை வந்த அன்றே மேல்தொட்டியை நிரப்புங்கள். குடிக்க, சமைக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தாலும் நாலு பேர் வீட்டுக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர். இரண்டு பெரிய கேனும் ஒரு குடமும் போதும், காசு ஒன்றும் செலவில்லை. மழைக்குப் பிறகு திறந்த கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம், பார்க்கத் தெளிவாக இருந்தாலும் சரி.

போன் அணைந்துவிட்டால் மகன் நம்பர்கூட நமக்கு மனப்பாடம் இல்லை. காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி மாட்டுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070.

‘தெரிஞ்ச ரோடுதானே’ என்று தரைப்பாலத்தில் வண்டியை விடுவதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. தினமும் போய் வருகிற பாதைதான், ஆனால் செந்தண்ணீருக்கு அடியில் பாலத்தின் ஓரம் அரித்துப் போயிருப்பது எந்தக் கண்ணுக்கும் தெரியாது. முழங்கால் அளவுக்கு ஓடுகிற தண்ணீர் ஆளை மட்டுமல்ல, காரையே தள்ளிவிடும். ஏரி கோடி போகிறது, அதாவது நிரம்பி வழிகிறது என்றதும் பிள்ளைகளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு கரையில் நிற்கிற கூட்டத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊறிப்போன மண்கரை எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

உண்மையில் நம்மைப் போன்ற ஊர்களில் புயலைவிட அடிக்கடி வருவது இடி. ஏப்ரல், மே மாதக் கோடை மழையில் மாந்தோப்பிலோ ஆட்டோடு மேய்ச்சலிலோ இருக்கும்போதுதான் சிக்குகிறார்கள். இந்தியாவில் மின்னல் தாக்கி ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் சாகிறார்கள். நனையாமல் இருக்க மரத்தடிக்கு ஓடுவதுதான் இதில் மோசமான தவறு, ஏனென்றால் வெட்டவெளியில் மின்னல் தேடுவதே உயரமான அந்த மரத்தைத்தான். நனைந்தால் காய்ச்சல்தான் வரும், போகட்டும். இடிச் சத்தம் கேட்டதுமே கான்கிரீட் வீட்டுக்குள் போய்விடுங்கள், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தால் போதும். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி பக்கத்தில் மின்னல் அடிப்பதைச் சொல்லிவிடும்.

மழை நின்ற இரவில் விறகுக் குவியலில் வெறுங்கையை விடாதீர்கள், வளையில் தண்ணீர் புகுந்த பாம்பு அங்கேதான் ஏறியிருக்கும். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, பச்சிலை எல்லாம் வேண்டாம், நேராக அரசு மருத்துவமனைதான்.

எங்கள் வீட்டில் பட்டா, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் டிசி எல்லாம் கட்டிலுக்கு அடியில் இரும்புப் பெட்டியில் இருந்தன. பூட்டு போட்டிருந்ததால் பத்திரம் என்று நினைத்திருந்தோம். தரையில் ஒரு சாண் தண்ணீர்தான் வந்தது, பட்டாவின் மை முழுக்கக் கரைந்து கலங்கிவிட்டது. இப்போது எல்லாம் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில், பரண் மேல்.

மாட்டுக்காரர்கள் இரண்டு தவறு செய்கிறார்கள். தண்ணீர் ஏறும்போது கட்டுத்தறியிலேயே விட்டுவிடுவது ஒன்று. அவிழ்த்துவிட்ட மாடு எப்படியாவது மேடு தேடிப் போய்விடும், கட்டிய மாட்டுக்கு வழியே இல்லை. இன்னொன்று, இறந்த மாட்டை அவசரமாகப் புதைத்துவிட்டு அப்புறம் விஏஓவிடம் போய் நிற்பது. ஃபெஞ்சலுக்கு அரசு அறிவித்த நிவாரணம் ஒரு பசுவுக்கு 37,500 ரூபாய். விஏஓவும் கால்நடை மருத்துவரும் பார்க்காமல் புதைத்துவிட்டால், உங்களிடம் மாடு இருந்தது என்பதையே நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். இன்று சாயங்காலம் பால் கறக்கப் போகும்போது மாட்டின் காதில் மாட்டியிருக்கிற வில்லையின் எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து, வெளியூரில் இருக்கிற பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள்.