ரேடார் ஏவுகணைகள்: தவிர்க்க வேண்டிய சில தவறான புரிதல்கள்

வான் பாதுகாப்பு ஏவுகணை எதிரியின் கண்ணில் படாமல் எப்படித் தப்புகிறது என்று கேட்பதிலேயே முதல் தவறு தொடங்கிவிடுகிறது. ஒளிய வேண்டியது ஏவுகணை அல்ல, அதற்கு வழிகாட்டும் ரேடார். ரேடார் அனுப்பும் அலை விமானத்தில் பட்டுத் திரும்பி வந்தால்தான் விமானம் தெரியும். விமானத்திலுள்ள கருவிக்கோ அந்த அலை ஒருவழியாக வந்து சேர்ந்தாலே போதும். ஆகவே ரேடார் விமானத்தைக் காணும் முன்பே விமானம் ரேடாரை உணர்ந்துவிடுகிறது. அலை வரும் திசையைப் பிடித்துப் பாயும் ஏவுகணைகளை அமெரிக்கா வியட்நாம் போரிலேயே பயன்படுத்தியது.

நல்ல கருவி இருந்தால் போதும் என்பது அடுத்த தவறு. 1999இல் அமெரிக்கா தலைமையிலான நேட்டோ கூட்டணி யூகோஸ்லாவியா மீது குண்டுவீசிய போரில், மார்ச் 27 இரவு, அப்போது அந்நாட்டின் பகுதியாக இருந்த செர்பியாவின் புட்யானோவ்சி கிராமத்தருகே, ரேடாரில் எளிதில் சிக்காதபடி வடிவமைக்கப்பட்ட அமெரிக்காவின் எஃப்-117 விமானம் வீழ்த்தப்பட்டது. வீழ்த்திய எஸ்-125 நேவா, 1960களின் தொடக்கத்தில் வந்த சோவியத் ஏவுகணை. அதை ஏவிய யூகோஸ்லாவியப் பிரிவின் தளபதி சோல்டான் டானி கடைப்பிடித்த ஒழுங்கைத்தான் நாம் கவனிக்க வேண்டும். வழிகாட்டும் ரேடாரைச் சில நொடிகளே இயக்குவார்கள். 20 நொடி நெருங்குவதற்குள் அணைத்தாக வேண்டும். ஓரிடத்தில் தங்காமல் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். 1982 ஜூனில் லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் சிரியப் படை இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது. ஒரே இடத்தில் நின்று, இஸ்ரேல் ஏமாற்ற அனுப்பிய ஆளில்லா விமானங்களை உண்மையான போர் விமானங்கள் என்று நம்பி ரேடார்களை இயக்கியது. 19 ஏவுகணைப் பிரிவுகளில் பெரும்பாலானவை ஒரே நாளில் அழிந்தன.

எஃப்-117 ரேடாருக்கே தெரியாத விமானம் என்று இன்றும் எழுதுகிறார்கள். அதன் வடிவம் சென்டிமீட்டர் அளவிலான அலைகளைச் சிதறடிக்க அமைந்தது. டானியின் பிரிவு தேடலுக்குப் பயன்படுத்திய பி-18 ரேடாரின் அலைநீளமோ சுமார் இரண்டு மீட்டர். நீண்ட அலைக்கு அந்த வடிவத்தின் கோணங்களும் அலையை உறிஞ்சும் பூச்சும் பெரிய தடையல்ல. ஆனால் அத்தகைய ரேடார் துல்லியமாகக் குறிபார்க்காது. எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லும். வழிகாட்டும் ரேடார் குறுகிய நேரமே இயங்கினால் போதும் என்ற நிலையை உருவாக்கியது அந்தத் தகவல்தான்.

ரேடாரைக் குழப்ப இரைச்சல் அலைகளை அனுப்பும் கருவியான ஜாமர் இயங்கினால் ரேடார் குருடாகிவிடும் என்பதும் பாதி உண்மையே. விமானம் தன் ஜாமரைத் தானே சுமந்துகொண்டு நெருங்கும்போது, தூரம் பாதியானால் ரேடாருக்கு வந்து சேரும் ஜாமரின் இரைச்சல் 4 மடங்கு கூடும். விமானத்தின் எதிரொலியோ 16 மடங்கு கூடும். ஒரு கட்டத்தில் எதிரொலி இரைச்சலை மீறிவிடும். ஜாமர் விமானங்கள் தொலைவிலேயே நின்று உதவுவதற்கு ரேடாரின் இந்த இயல்பும் ஒரு காரணம். போதாக்குறைக்கு ஜாமரின் அலையையே இலக்காகப் பிடித்துப் பாயும் ஏவுகணைகளும் உண்டு. அதிர்வெண்ணை நொடிக்கு நொடி மாற்றும் ரேடாரை முடக்க, ஜாமர் தன் ஆற்றலைப் பல அதிர்வெண்களில் பரப்பியாக வேண்டும். ஒவ்வொன்றிலும் அதன் வலு குறையும்.

ரேடாரை அணைத்துத் தப்பிப்பதையே வெற்றியாகக் கொள்வது, நான் மிகவும் மறுக்க விரும்பும் தவறு. அணைந்த ரேடார் யாரையும் காப்பதில்லை. 78 நாள் நடந்த அந்தப் போரில் யூகோஸ்லாவியாவின் நடமாடும் ஏவுகணைப் பிரிவுகளில் பெரும்பாலானவை தப்பின. ஆனால் யூகோஸ்லாவிய ஏவுகணைகள் விமானி ஓட்டிய விமானங்களில் வீழ்த்தியவை இரண்டே. நேட்டோ விமானங்கள் குண்டுவீச்சை நிறுத்தவில்லை. பெரும்பாலும் 15,000 அடிக்கு மேலே பறந்தபடி அதைத் தொடர்ந்தன.