சர்ச், சர்க்கார், போர்: இளைஞர் குழுவுல இதை எப்படி எடுத்துப் பேசுறது

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பங்குல இளைஞர் குழு நடத்துறவங்க இந்தத் தலைப்பைத் தொடவே தயங்குறாங்க, ஏன்னா தொட்டா ஒருத்தர் "எல்லாப் போரையும் ஆசீர்வாதம் பண்ணதே சர்ச்தான்"ம்பாரு, இன்னொருத்தர் "திருச்சபை எப்பவும் சமாதானம்தான் பேசுச்சு"ம்பாரு, கூட்டம் அத்தோட கலைஞ்சிடும். ரெண்டு பேச்சுக்கும் ஆதாரம் இருக்கு, அதனால பிரசங்கத்தை வச்சு ஆரம்பிக்காதீங்க. ஒவ்வொரு நாட்டுக்கும் முதல்ல மூணு கேள்வி கேளுங்க. சாமியாருக்கு காசு எங்கருந்து வந்துச்சு? ஆயர் பதவிக்கு வர யார் சம்மதம் வேணும்? கோயில், பள்ளிக்கூடத்தை இழுத்து மூட யாருக்கு அதிகாரம்? நகரத்தார் மகமைய நினைச்சுப் பாருங்க, வியாபாரத்துல எடுத்து வச்ச காசுல கோயில் நடந்துச்சு, அதனால நிர்வாகமும் அவங்க கையிலயே இருந்துச்சு. ஜெர்மனில சர்ச் வரியை வசூல் பண்ணிக் குடுக்கறதே அரசாங்கம். இந்த வித்தியாசம் புரிஞ்சா பாதி புரிஞ்ச மாதிரி.

எடுத்தவுடனே ஹிட்லருக்குப் போயிடாதீங்க, தரங்கம்பாடில ஆரம்பிங்க. முடிஞ்சா ஒரு வேன் பிடிச்சு பிள்ளைகளைக் கூட்டிட்டே போங்க, காலைல கிளம்பினா ராத்திரிக்குள்ள திரும்பிடலாம். அங்க ஜெர்மன் லைப்சிக் மிஷன் ரொம்ப வருஷமா வேலை செஞ்சுச்சு. 1914-ல போர் வந்ததும் பிரிட்டிஷ் சர்க்காருக்கு அந்த ஐயர்மார், அதாவது மிஷன் பாதிரியார்கள் எல்லாம் எதிரி நாட்டு ஆளுங்க ஆயிட்டாங்க, அடைச்சு வச்சு நாடு கடத்திட்டாங்க, வேலைய ஸ்வீடன் சபைக்காரங்க பாத்துக்கிட்டாங்க. 1919-ல தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாச்சு, 1921-ல முதல் பிஷப்பா வந்தவரும் ஸ்வீடன்காரர்தான், ஹோய்மன். மங்களூர் ஓடு நம்ம ஊர்ல யாருக்குத் தெரியாது, அந்த ஓட்டுத் தொழிலை ஆரம்பிச்ச பாசல் மிஷனோட ஃபேக்டரிகளும் இதே போர்லதான் கைமாறுச்சு. ஐரோப்பால நடந்த சண்டை நம்ம சபைகளோட நிர்வாகத்தையே மாத்திருக்கு, இதைச் சொன்னா பிள்ளைங்க நிமிர்ந்து உக்காந்து கேக்கும்.

அப்புறம் 1914 ஐரோப்பாவுக்கு வாங்க. ஜெர்மன் சிப்பாயோட பெல்ட் பக்கிள்ல "கடவுள் நம்மோடு"ன்னு பொறிச்சிருந்துச்சு, லண்டன் பிஷப்பும் மேடையேறி போருக்கு ஆதரவாத்தான் பேசினாரு. போப் 15-ம் பெனடிக்ட் 1917 ஆகஸ்ட் 1 தேதியிட்டு போர்ல இருந்த நாட்டுத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதி, இது பிரயோஜனமில்லாத படுகொலை, நிறுத்துங்கன்னு கேட்டாரு, யாரும் நிறுத்தல.

அதிக நேரம் எடுக்க வேண்டியது 1933-தான், அதுக்கு மட்டும் ஒரு முழு சாயங்காலம் ஒதுக்குங்க. அந்த வருஷம் ஜூலைல வத்திக்கானும் ஹிட்லர் அரசும் ஒப்பந்தம் போட்டாங்க. அதோட 16-ம் பிரிவை சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, பதவி ஏக்குற ஆயர் அரசுக்கு விசுவாசமா இருப்பேன்னு சத்தியம் பண்ணணும்னு இருக்கும், நம்ம ரெண்டாவது கேள்விக்குப் பதில் அங்கயே கிடைச்சிடும். ஆனா அங்கயே நிறுத்திட்டா அது அநியாயம். 1937 குருத்தோலை ஞாயிறன்னிக்கு நாஜிகளைக் கண்டிச்ச போப்போட சுற்றுமடல், ரகசியமா அச்சடிச்சது, ஜெர்மனி பூரா கோயில்கள்ல வாசிக்கப்பட்டுச்சு. 1941-ல முன்ஸ்டர் ஆயர் காலன் ஊனமுற்றவங்களைக் கொல்றதை மேடையிலயே எதிர்த்தாரு, அதே ஆயர் போரை எதிர்க்கல, இந்த ரெண்டையும் சேர்த்தே சொல்லணும். அப்புறம் ஆஸ்திரியா விவசாயி ஃப்ரான்ஸ் யேகர்ஷ்டாட்டர். ஹிட்லர் படைல சண்டை போட மாட்டேன்னாரு, ஆயர்கிட்ட போய் கேட்டாரு, குடும்பத்தைப் பாருன்னு அறிவுரைதான் கிடைச்சுச்சு, 1943 ஆகஸ்ட் 9-ல தலைய வெட்டிட்டாங்க. 2007-ல அதே திருச்சபை அவருக்கு அருளாளர் பட்டம், புனிதர் பட்டத்துக்கு முந்தின படி, குடுத்துச்சு. பிள்ளைங்ககிட்ட கேளுங்க, அந்த ஆயர் இடத்துல நீங்க இருந்தா என்ன சொல்லிருப்பீங்கன்னு. உடனே பதில் வரணும்னு அவசரப்படுத்தாதீங்க.

ரஷ்யாவை சீக்கிரம் முடிச்சிடலாம். ஆயிரக்கணக்குல குருமாரைக் கொன்ன ஸ்டாலின், 1943 செப்டம்பர்ல போருக்கு மக்கள் ஆதரவு வேணும்ங்கும்போது மூணு ஆயர்களைக் கூப்பிட்டுப் பேசினாரு, நாலே நாள்ல முதுபெரும் தந்தை, அதாவது ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபைத் தலைவர், தேர்தல் நடந்துச்சு. மூணாவது கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கடைசிக் கூட்டத்துக்கு நவாலியை வைங்க, அது வேற பாஷைக்காரங்க கதை இல்ல. 1995 ஜூலை 9, யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துல இருக்குற நவாலி புனித பேதுரு ஆலயத்துல அடைக்கலம் தேடி வந்த சனங்க மேல இலங்கை விமானப்படை குண்டு போட்டுச்சு, நூத்துக்கும் மேல செத்தாங்க. இங்க மூணு கேள்வியும் பத்தாது, கோயிலுக்குள்ள போனா உசுரு தப்பும்னு நம்பி வந்தவங்களைப் பத்தித்தான் பேசணும். நம்ம பக்கத்து இலங்கை அகதி முகாம்கள்ல இருக்கவங்க யாராவது பேசச் சம்மதிச்சா, கூட்டத்துக்குக் கூப்பிடறதுக்கு முன்னாடி நீங்க மட்டும் அவங்க வீட்டுக்குப் போய் உக்காந்து கேளுங்க. ரெக்கார்ட் பண்றதா இருந்தா அவங்க வாயால சரின்னு சொல்லணும், போட்டோவும் அப்படித்தான். வேண்டாம்னாங்கன்னா ஏன்னு கேக்காம, குடுத்த டீயைக் குடிச்சிட்டு வந்துடுங்க.