“பேமெண்ட் அப்புறம் பேசிக்கலாம்”: நடிகர்கள் வழுக்கி விழும் இடங்கள்

சிங்கப்பூர்த் தமிழ் நாடக, தொலைக்காட்சி வட்டம் சின்னது. இயக்குநர் நமக்கு அண்ணன், தயாரிப்பாளர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருப்போம். இந்த உரிமைதான் பலரைக் காசு பற்றி வாய் திறக்க விடாமல் செய்கிறது.

முந்தின நாள் இரவு வாட்ஸ்அப்பில் வரும்: “தம்பி, நாளைக்குக் காலையில 6 மணி, உட்லண்ட்ஸ். கறுப்புச் சட்டை எடுத்துக்க. பேமெண்ட் அப்புறம் பேசிக்கலாம்.” பதிலுக்கு ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுத் தூங்கப் போவதுதான் முதல் தவறு. எவ்வளவு சம்பளம், எத்தனை மணி நேரம், மழை வந்து ஷூட் ரத்தானால் என்ன கணக்கு, எதுவும் அதில் இல்லை. பத்துப் பக்க ஒப்பந்தம் கேட்க வேண்டாம். “சரிண்ணே. ஒரு நாளைக்கு 250 வெள்ளி, 10 மணி நேரம், ஷூட் முடிஞ்சு 30 நாளுல பணம். சரிதானே?” என்று திருப்பி அனுப்புங்கள். ஒரு “ஓகே” வந்தால் போதும், கையில் ஆதாரம் இருக்கிறது. கேட்டால் அடுத்த வாய்ப்பு போய்விடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. இதற்கே கோபித்துக்கொள்பவர் காசு கொடுக்கவும் இழுத்தடிப்பார் என்பது என் கணிப்பு.

இங்கே நடிகர்களில் பலர் சுயதொழில் செய்பவர்கள். வேலை நியமனச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. செட்டில் கால் முறிந்தாலும் வேலையிடக் காய இழப்பீடு பொதுவாகக் கிடையாது. சண்டைக் காட்சி என்றால் காப்பீடு யார் பொறுப்பு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பணம் வரவில்லையென்று ஃபேஸ்புக்கில் கொட்டித் தீர்ப்பதும் தவறு. ஆத்திரம் அடங்கும், காசு வராது; அவதூறு வழக்கு வேண்டுமானால் வரலாம். அரசு, தொழிற்சங்கம், முதலாளிகள் சேர்ந்து அமைத்த டிஏடிஎம் (TADM) எனப்படும் முத்தரப்புக் கூட்டணி, சுயதொழில் செய்பவர்களின் பணப் பிரச்சினைக்கும் சமரசம் பேசி வைக்கிறது. அதில் முடியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம்: 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. வழக்கறிஞர் செலவு இல்லை. ஆனால் 2 ஆண்டுக்குள் போக வேண்டும். “அடுத்த மாசம் தர்றேன்” என்பதை நம்பி நம்பியே அந்தக் கெடு ஓடிவிடும்.

போர்ட்ஃபோலியோ எனும் படத் தொகுப்புக்கு முன்பணம் கட்டச் சொல்லும் ஏஜென்சியிடம் கவனம். ஒழுங்கான ஏஜென்சி நீங்கள் சம்பாதிப்பதில்தான் கமிஷன் எடுக்கும். குழந்தை மாடல் தேடுவதாகச் சொல்லிப் பெற்றோரிடம் பணம் பறிப்பவர்கள் பற்றிப் போலீசே எச்சரித்திருக்கிறது. சந்தேகமா, மோசடி உதவி எண்ணான 1799க்கு அழையுங்கள். இன்னொன்று: காசு கொடுத்து எடுத்த படமானாலும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் 2021 பதிப்புரிமைச் சட்டப்படி அதன் உரிமை புகைப்படக்காரருக்குத்தான்.

ஆடிஷனை ஹோட்டல் அறையில் வைத்தால், கூட ஒருவரை அழைத்து வரலாமா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் போகாதீர்கள். நெருக்கமான காட்சிகளில் எது படமாகும், செட்டில் யார் யார் இருப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தொல்லை தரும் செய்திகள் வந்தால் அருவருப்பில் அழித்துவிடாதீர்கள். துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கும்போது, தேதியும் நேரமும் தெரியும் ஸ்கிரீன்ஷாட் வேண்டியிருக்கும். தனியாகப் போகத் தயக்கமென்றால் அவேர் (AWARE) என்ற பெண்கள் அமைப்பின் பாலியல் வன்முறை உதவி நிலையத்தை முதலில் அழைத்துப் பேசலாம்.