அத்தையின் முழங்கால் பட்டை, அல்லது கணினி வேவு பார்ப்பதைக் குறைப்பது எப்படி

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் அத்தை ஒரே ஒரு முறை மூட்டுவலிக்கு என்ன செய்யலாம் என்று தேடினார். அவ்வளவுதான், அடுத்த பதினைந்து நாளும் சமையல் குறிப்பைத் திறந்தாலும் கிரிக்கெட் ஸ்கோரைத் திறந்தாலும் ஓரத்தில் முழங்கால் பட்டை விளம்பரம். அதே லேப்டாப்பில் வீட்டுப்பாடம் செய்யும் பேரனுக்கும் அதே பட்டை. "எனக்குக் கால் வலின்னு இதுக்கு யாருடா சொன்னது?" என்று கேட்டார். ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து சரிசெய்தோம்.

முதலில் பிரவுசர். எல்லோரும் விண்டோஸைத்தான் திட்டுவார்கள், ஆனால் நம் விஷயம் அதிகம் கசிவது பிரவுசர் வழியாக. ஃபயர்பாக்ஸ் போட்டேன். அதன் செட்டிங்ஸில் பிரைவசி பக்கத்துக்குப் போனால், தளத்துக்குத் தளம் நம்மைப் பின்தொடர்வதைத் தடுக்கும் டிராக்கிங் பாதுகாப்பு 'ஸ்டாண்டர்ட்' என்று இருக்கும், அதை 'ஸ்ட்ரிக்ட்' ஆக்குங்கள். ஏதாவது ஒரு தளம் இதனால் முரண்டு பிடித்தால், முகவரிப் பட்டியில் இருக்கும் கேடயத்தைத் தட்டி அந்தத் தளத்துக்கு மட்டும் தளர்த்திக்கொள்ளலாம். அப்புறம் யூபிளாக் ஆரிஜின், விளம்பரங்களையும் வேவு பார்ப்பவற்றையும் தடுக்க பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் ஒரு துணை நிரல். குரோமில் இப்போது அதன் 'லைட்' வடிவம்தான் ஓடும், முழுசாக வேண்டுமென்றால் ஃபயர்பாக்ஸ்தான். குரோமை விட மனசு வராதவர்கள் மூன்றாம் தரப்புக் குக்கீகளையாவது (நாம் பார்க்கும் தளம் அல்லாமல் வேறு கம்பெனிகள் நம்மை அடையாளம் காண பிரவுசரில் போட்டுவைக்கும் குறிப்புகள்) தடுத்துவிடுங்கள்.

பிரவுசரில் 'இன்காக்னிட்டோ' என்று வரும் தனி ஜன்னலை நம்பி ஏமாறாதீர்கள். அது உங்கள் கணினியில் ஹிஸ்டரி சேராமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. நீங்கள் போகும் தளமும் இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனியும் பார்ப்பதை அது மறைக்காது.

அத்தையின் கதையில் உண்மையான கோள்மூட்டி கூகுள் கணக்குதான்; அதில் லாகின் ஆகியபடியே தேடியிருக்கிறார். கணக்கின் 'மை ஆக்டிவிட்டி' பக்கத்தில் தேடியதெல்லாம் தேதிவாரியாகக் கிடக்கிறது, அத்தை பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். அங்கேயே 3 மாதத்துக்கு மேல் பழையதெல்லாம் தானாக அழியும்படி வைக்கலாம், 'மை ஆட் சென்டர்' போய் நமக்கென்று பார்த்துக் காட்டும் விளம்பரங்களையும் அணைத்துவிடலாம். பேரனுக்கு விண்டோஸில் தனி யூசர் போட்டுக்கொடுத்தேன்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி. விளம்பர ஐடி (ஆப்கள் நமக்கேற்ற விளம்பரம் காட்டப் பயன்படுத்தும் அடையாள எண்) என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அணையுங்கள். 'டயக்னாஸ்டிக்ஸ் அண்ட் ஃபீட்பேக்' பக்கத்தில், மைக்ரோசாஃப்டுக்கு 'ஆப்ஷனல்' தகவல் அனுப்புவதை நிறுத்துங்கள், இதுவரை போனதை அழிக்க அதே பக்கத்தில் பட்டன் உண்டு. 'ரிக்வயர்ட்' என்ற கட்டாயத் தகவலை விண்டோஸின் ஹோம், புரோ இரண்டு வடிவங்களிலும் நிறுத்த முடியாது. அதையும் நிறுத்தித் தருகிறேன் என்று நெட்டில் கிடைக்கும் குட்டி சாஃப்ட்வேர் எதையும் இறக்காதீர்கள், வேலியே பயிரை மேயும். நான் ஒருமுறை அப்படி ஒன்றைப் போட்டு, அப்டேட்டே வராமல் போய், கடைசியில் விண்டோஸை அழித்துத் திரும்பப் போட வேண்டியதாயிற்று.

நம்ம ஊர் டேட்டா விலைக்கு இன்னொன்று. போன் ஹாட்ஸ்பாட்டில் கணினியை ஓட்டுகிறவர்கள் வைஃபை இணைப்பின் பிராப்பர்ட்டீஸில் 'மீட்டர்டு கனெக்ஷன்' (டேட்டாவை அளந்து செலவழிக்கும் இணைப்பு) போட்டுவையுங்கள். இது வேவு பார்ப்பதைத் தடுக்காது, பின்னணியில் டேட்டா ஓடுவது குறையும். ஆனால் பல அப்டேட்டுகளும் காத்துக்கிடக்கும் என்பதால், போன் டேட்டா செலவாகாத வேறு வைஃபை உள்ள இடத்துக்குப் போகும்போது இறக்கிவிடுங்கள்.

கணினிக்கு வெளியே போய்விட்டதற்கு என்ன செய்வது? இங்கே போப்பியா (POPIA) என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 2021 ஜூலை 1 முதல் முழுசாக நடப்பில் உள்ளது. என்னைப் பற்றிய தகவல் உங்களிடம் இருக்கிறதா என்று எந்தக் கம்பெனியையும் காசில்லாமல் கேட்கலாம், தேவையில்லாமல் வைத்திருந்தால் அழிக்கச் சொல்லலாம். தினமும் எஸ்எம்எஸ் அனுப்பித் தொல்லை கொடுக்கும் ஒரு கடைக்கு அத்தை இரண்டு வாரம் முன்பு எழுதிப் போட்டார். பதில் வரவில்லை, எஸ்எம்எஸ் மட்டும் வந்துகொண்டிருக்கிறது.