இரண்டு மழைக்கு நடுவே வீட்டுத் தோட்டம்: குமரி மாவட்டக்காரர்களுக்கு

எங்கள் மாவட்டத்தில் தோட்டம் போடுகிறவர்கள் வெளியூர் நடவு அட்டவணையை அப்படியே நம்பக் கூடாது. சென்னைக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் மழை. நமக்கு அதுவும் உண்டு, வைகாசியில் தொடங்கும் இடவப்பாதி மழையும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு. மேற்கே போகப் போக மழை கூடும். ஆனி மாதம் தக்கலைப் பக்கம் என் பத்து சென்ட் புரையிடத்தில் (வீட்டோடு சேர்ந்த தோட்டத்தில்) தண்ணீர் வடிய நான் சால் கீறிக்கொண்டிருப்பேன். அதே நாளில் கிழக்கே அஞ்சுகிராமத்தில் தங்கச்சி செடிகளுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பாள். நான் சொல்வது பெரும்பாலும் மேற்கே இருக்கும் கல்குளம், விளவங்கோடு தாலுகா பக்கத்துக்கு.

என் கணக்கில் தோட்டத்து வருஷம் மாசியில் பிறக்கிறது. சேனையும், காச்சில் என்ற கொடிக்கிழங்கும் நட அதுதான் நேரம். சேனைக்கு இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி எடுத்து, குழிக்குக் குழி மூன்றடி விடுங்கள். விதைச் சேனையை அரைக் கிலோவுக்குக் குறையாத துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் நடுமுளையின் ஒரு பங்கு இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். சாணிப்பாலில் முக்கி நிழலில் உலர்த்தி, தொழுவுரம் கலந்த மண்ணில் வைத்து மூடி, மேலே சருகை நிறையப் போடுங்கள். தண்ணீர் விட அவசரப்பட வேண்டாம். கோடை மழை விழுந்ததும் தானே முளைக்கும். ஐப்பசி வாக்கில் இலை மஞ்சளித்துச் சாயும்போது தோண்டலாம். இதைவிடச் சோம்பேறித்தனமாகச் செய்யக்கூடிய விவசாயம் எனக்குத் தெரியாது.

சித்திரையில் இஞ்சியும் மஞ்சளும். மேட்டுப்பாத்தி, மேலே பச்சைத் தழை, அவ்வளவுதான். நம் செம்மண்ணில் புளிப்பு அதிகம் என்பதால், நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே கொஞ்சம் சுண்ணாம்பு தூவிக் கொத்திவிடுங்கள். சுண்ணாம்பையும் உரத்தையும் ஒரே நாளில் போடாதீர்கள்.

இடவப்பாதி மழை வலுத்துவிட்டால் கீரை போன்ற பொடி விதைகளைத் தொடாதீர்கள். மழை அடித்துக்கொண்டு போய்விடும். அது நல்லமிளகுக் (குறுமிளகு) கொடி வைக்கும் காலம். வேர்விட்ட கொடியை மரத்தின் வடக்குப் பக்கம் நடுங்கள், மத்தியான வெயில் நேராகப் படாது. மழையில் கொடிக்கு வரும் பெரிய ஆபத்து வாடல் நோய். நேற்றுப் பச்சையாக இருந்த இலை கறுத்துக் கொட்டும். அதற்கு முன்பே, மழை தொடங்கும் சமயத்தில், பூஞ்சணத்தைத் தடுக்கும் ஒரு சதவீத போர்டோ கலவை தெளித்துவிடுவது நல்லது. நூறு கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) ஐந்து லிட்டர் தண்ணீரில் பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். இரும்புப் பாத்திரம் ஆகாது. நூறு கிராம் நீற்றாத சுண்ணாம்பை இன்னொரு ஐந்து லிட்டரில் கரைத்து வடிகட்டுங்கள். துத்தக் கரைசலைத்தான் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. துலக்கிய இரும்புக் கத்தியை முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் ஒட்டினால் இன்னும் சுண்ணாம்புத் தண்ணீர் சேர்க்க வேண்டும். அன்றைக்கே அடித்துத் தீர்த்துவிடுங்கள், மறுநாளைக்கு உதவாது.

ஆவணி, புரட்டாசியில் மழை கொஞ்சம் மூச்சு விடும். வழுதலங்காய் (கத்தரிக்காய்), மிளகாய் நாற்றையும் வெண்டை விதையையும் நான் அந்த இடைவெளியில்தான் வைப்பேன். ஐப்பசி மழை வருமுன் வேர் பிடித்துவிடும். சிறுகிழங்கின் தலைப்புகளைக் கிள்ளி வரப்பில் நட்டு, ஒன்றரை மாதத்தில் மண் அணைத்தால் மார்கழி, தையில் கிழங்கு எடுக்கலாம். சிறுகிழங்கு இல்லாமல் எங்கள் வீட்டில் பொங்கல் கிடையாது.

வாழைக்கு வருவோம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்ததில் மாவட்டம் முழுக்க வாழை படுத்ததைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்படி ஒரு புயலை எந்தக் கம்பும் தாங்காது. ஆனால் சாதாரண ஐப்பசிக் காற்றுக்குக்கூட, குலை தள்ளிய ஏத்தன் (நேந்திரன்) வாழை சாய்ந்துவிடும். இரண்டு கம்புகளைக் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே கட்டி, மரம் சாயும் பக்கத்தில் முட்டுக் கொடுங்கள். குலை பாரமான பிறகல்ல, பூ வந்ததுமே. ஒரு வாழைதான் வைக்க இடம் இருக்கிறது என்றால் என் ஓட்டு மட்டிக்கு. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததற்காகச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கிற பழம் அது, கடையில் நல்லதாகக் கிடைப்பதும் அபூர்வம்.

தை பிறந்தால் வெள்ளரியும் கீரையும் பயறும் போடலாம். அப்புறம் பங்குனி வரை ஈரத்தைக் காப்பாற்றும் வேலைதான். தென்னை மூட்டிலும் மாவின் மூட்டிலும் தேங்காய்க் கதம்பையை (உரிமட்டையை), குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி மண் போட்டு மூடுங்கள். அஞ்சுகிராமம், தோவாளை பக்கத்துக்காரர்கள் இதைத் தைக்கு முன்பே, மண்ணில் ஈரம் இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.